வானொலியில் நிக்சன் ஜெயித்தார் என்பது உண்மையா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர்களின் டிவி விவாதம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே "இவர் ஜெயித்தார், அவர் தோற்றார்" என்று சதவீதக் கணக்கோடு செய்தி வந்துவிடுகிறதே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்? விவாதத்தில் தோற்றவர் தேர்தலிலும் தோற்பாரா? 1960இல் வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்ததாகவும், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்ததாகவும் சொன்னார்களாமே, அது நிஜமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் உள்ள பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

1960 செப்டம்பர் 26, சிகாகோவில் சிபிஎஸ் நிலையத்தின் ஸ்டூடியோ. எதிரில் பார்வையாளர் யாரும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏறக்குறைய 7 கோடிப் பேர். நிக்சன் அப்போது துணை அதிபர். ஒரு மாதத்துக்கு முன்பு பிரசாரப் பயணத்தில் கார்க் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அது சீழ் பிடித்து, இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது அதே முழங்கால் மறுபடியும் இடிபட்டது. உடம்பு இளைத்துப் போயிருந்ததால் சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் தொளதொளவென்று நின்றது. காலையில் சவரம் செய்தாலும் மாலைக்குள் கன்னம் கறுத்துவிடும் ஆள் அவர். மேக்கப் வேண்டாம் என்றுவிட்டு, அந்தக் கறுப்பை மறைக்கக் கடையில் விற்கும் ஒரு பவுடரை மட்டும் அப்பிக்கொண்டார். விளக்குச் சூட்டில் வியர்த்தது. அவர் கோட்டின் வெளிர்சாம்பல் நிறம் பின்னணியோடு கலந்து, கறுப்பு வெள்ளைத் திரையில் ஆள் பாதி காணாமல் போனார். பக்கத்தில் கருநிறக் கோட்டில், வெயிலில் நிறம் ஏறிய முகத்தோடு கென்னடி. "மகனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று நிக்சனின் அம்மா போன் போட்டு விசாரித்தாராம்.

இதுவரை சொன்னதில் பெரிய சர்ச்சை இல்லை. வானொலிக் கதைதான் சிக்கல்.

அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் உருப்படியான கணக்கெடுப்பு ஒன்றே ஒன்று. சிண்ட்லிங்கர் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்தது. 2,000 பேருக்கு மேல் விசாரித்ததில் வானொலியில் கேட்டவர்கள் வெறும் 282 பேர். அவர்களில் ஜெயித்தது யார் என்று திட்டவட்டமாகச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. அந்தச் சின்னக் கூட்டத்தில்தான் நிக்சனுக்குப் பெரிய முன்னிலை. 1987இல் வான்சில், பென்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பிரித்து மேய்ந்தார்கள். 1960 என்பது அமெரிக்க வீடுகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பதில் டிவி வந்துவிட்ட காலம். அப்போதும் வானொலியை நம்பியிருந்தவர் யார்? பெரும்பாலும் கிராமத்துக்காரர், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கரான கென்னடி மேல் முன்கூட்டியே சந்தேகம் கொண்டவர். அப்படிப்பட்டவர் நிக்சன் ஜெயித்தார் என்று சொன்னால், குரலைக் கேட்டுச் சொன்னாரா, ஏற்கெனவே மனதில் இருந்ததைச் சொன்னாரா? கணக்கெடுப்பில் அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

அதற்காகக் கதை முழுவதும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 2003இல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிஞர், அந்த விவாதத்தைப் பற்றி அதிகம் தெரியாத 171 பேரை வைத்துச் சோதித்தார். பாதிப் பேருக்கு ஒலி மட்டும், மீதிப் பேருக்குப் படமும் ஒலியும். படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்று சொல்வது கூடுதலாகத்தான் இருந்தது. ஆக, படத்துக்குப் பலம் உண்டு. 1960இல் அது நாடு முழுக்க நடந்தது என்பதற்குத்தான் சாட்சி போதாது.

நானும் ஒருமுறை அந்த ஒரு மணி நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். சோதனை என்றெல்லாம் சொல்ல முடியாது, சும்மா ஆர்வம்தான். எனக்குப் பட்டது வேறு. கென்னடி எடுத்த எடுப்பிலேயே 1860இல் லிங்கன் கேட்ட கேள்வியில் தொடங்கி 1960க்கு வருகிறார். பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிக்சனைக் கண்டுகொள்ளவே இல்லை, நாட்டைப் பார்த்துப் பேசுகிறார். அடுத்து வரும் நிக்சன், செனட்டர் கென்னடி சொன்னவற்றில் பலவற்றை நம்மில் பலர் ஒப்புக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்கிறார். எதிராளிக்குத் தலையாட்டிவிட்டுத் தொடங்கும் இந்தப் பேச்சு காதுக்கும் கேட்கத்தானே செய்யும்? கேள்வி நேரத்தில் வந்தது இன்னும் மோசம். நிக்சனின் யோசனை எதையாவது ஏற்றுக்கொண்டதுண்டா என்று அதிபர் ஐசன்ஹோவரிடம் நிருபர்கள் முன்பு கேட்டதற்கு, ஒரு வாரம் கொடுத்தால் ஏதாவது ஒன்று ஞாபகம் வரலாம் என்று சொல்லியிருந்தார். அனுபவம் அனுபவம் என்று வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்குச் சொந்தக் கட்சி அதிபரே வைத்த குட்டு அது. என்பிசியின் சாண்டர் வானோக்கர் அதை மேடையிலேயே எடுத்துப் போட்டார். நிக்சன் சமாளித்த விதம் ரசிக்கும்படி இல்லை. பவுடரும் வியர்வையும் மட்டும் அவரைக் கவிழ்க்கவில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

விவாதத்துக்கு முன் கேலப் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் நிக்சன் 47 சதவீதம், கென்னடி 46. பிறகு கென்னடி 49, நிக்சன் 46. தேர்தல் முடிவில் நாடு முழுவதும் வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 13 ஆயிரம் வாக்குகள்தான். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் விவாதத்தையும் காரணம் சொல்லலாம், வேறு பத்து விஷயத்தையும் சொல்லலாம். அப்புறம் ஒன்று: அந்த வருஷம் நான்கு விவாதம் நடந்தது. உடம்பு தேறிய நிக்சன் மற்ற மூன்றில் நன்றாகவே நின்றார். அவற்றை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சூடுபட்ட நிக்சன் 1968இலும் 1972இலும் விவாத மேடைப் பக்கமே வரவில்லை. இரண்டு முறையும் ஜெயித்தார்.

இனி முதல் கேள்வி. விவாதம் முடிந்ததும் வரும் "யார் ஜெயித்தது" என்ற எண் எங்கிருந்து வருகிறது? இதில் இரண்டு வகை உண்டு, தலையும் வாலும் வேறு வேறு.

ஒன்று ஒழுங்கான வகை. சில நாட்களுக்கு முன்பே வாக்காளர்களைத் தொடர்புகொண்டு, விவாதத்தைப் பார்ப்பதாகச் சொன்னவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் அதே ஆட்களிடம் திரும்பப் போவார்கள். சில நூறு பேர்தான் இருப்பார்கள். இது நாட்டின் கருத்தல்ல, விவாதம் பார்த்தவர்களின் கருத்து. எந்தக் கட்சிக்காரர் உற்சாகமாக இருக்கிறாரோ அந்தக் கட்சிக்காரர் அதிகமாக உட்கார்ந்து பார்ப்பார், எண்ணும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். சிஎன்என் போன்றவை முடிவை அறிவிக்கும்போதே தங்கள் மாதிரியில் எந்தக் கட்சிக்காரர் கூடுதல் என்பதையும் சொல்கின்றன. அந்த வரியை யாரும் பகிர்வதில்லை, பெரிய எழுத்தில் வரும் சதவீதத்தை மட்டும் பகிர்கிறோம்.

இன்னொன்று, யார் வேண்டுமானாலும் வந்து அழுத்திவிட்டுப் போகும் வகை. இணையம் வந்த பிறகு தோன்றிய வியாதி என்று நினைக்காதீர்கள். 1980இல் கார்ட்டர், ரீகன் விவாதம் முடிந்ததும் ஏபிசி இரண்டு தொலைபேசி எண்களை அறிவித்தது. ரீகனுக்கு ஒன்று, கார்ட்டருக்கு ஒன்று, ஒரு அழைப்புக்கு 50 சென்ட். ஏறக்குறைய 7 லட்சம் அழைப்புகள் வந்தன, ரீகனுக்கு இரண்டு பங்கு, கார்ட்டருக்கு ஒரு பங்கு. காசு கொடுத்துக் கூப்பிடத் தயாராக இருந்தவர் யார் என்பதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. 2016இல் முதல் விவாதத்துக்குப் பிறகு டிரம்ப், தான் ஜெயித்ததாகக் காட்டிய இணைய வாக்கெடுப்புப் பட்டியலும் இந்த ரகம்தான்.

சரி, ஒழுங்கான கணிப்பையாவது நம்பலாமா? அன்றிரவுக்கு நம்பலாம். மறுநாளைக்கு அது செல்லுமா என்பதுதான் விஷயமே.

1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் மோதிய இரண்டாவது விவாதம். நியூயார்க் டைம்ஸின் மேக்ஸ் ஃபிராங்கல் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் என்று ஒன்று இல்லை, தன் ஆட்சியில் இருக்கவும் இருக்காது என்றார். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம், போலந்தில் சோவியத் படை நிற்கிறது. கேட்ட ஃபிராங்கலே ஒரு கணம் திகைத்து, நான் கேட்டது சரிதானா என்கிற மாதிரி மறுபடி கேட்டார். ஃபோர்டு பின்வாங்கவில்லை. யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உறுதிப்படுத்தினார்.

அன்றிரவே பார்த்தவர்களிடம் கேட்டபோது ஃபோர்டுக்குத்தான் முன்னிலை! அந்த வாக்கியத்தைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை, குறை என்று தாங்களாக எடுத்துச் சொன்னவர் மிகச் சிலர். மறுநாள் காலைச் செய்தி, மதியச் செய்தி, மாலைப் பத்திரிகை எல்லாவற்றிலும் அந்த ஒரே வாக்கியம் ஓடியது. மணிக்கு மணி எண்ணிக்கை சரிந்து, மறுநாள் இரவுக்குள் கார்ட்டர் பெரிய வித்தியாசத்தில் "ஜெயித்தவர்" ஆகிவிட்டார். பேசியது அதே பேச்சு, பார்த்ததும் அதே ஜனங்கள். நடுவில் நடந்ததெல்லாம் அவர்கள் மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். ஃபோர்டு அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்லவும் பல நாள் எடுத்துக்கொண்டார், அதனால் செய்தி ஆறவே இல்லை.

2000 அக்டோபர் 3இல் பாஸ்டனில் நடந்ததும் இதே கதை. உடனடிக் கணிப்பில் அல் கோர் சற்று முன்னே இருந்தார். ஜார்ஜ் புஷ் பேசும்போதெல்லாம் கோர் மைக் பக்கத்தில் நின்று விட்ட பெருமூச்சுகளை மட்டும் கத்தரித்து, வரிசையாக ஒட்டி, டிவிகள் திரும்பத் திரும்பப் போட்டன. நகைச்சுவை நிகழ்ச்சிகள் எடுத்துக்கொண்டன. ஒன்றரை மணி நேர விவாதத்தை முழுதாகப் பார்த்தவருக்கு அது ஒரு சின்ன எரிச்சல். அரை நிமிடத் துண்டில் பார்த்தவருக்கோ கோர் என்றாலே பெருமூச்சுதான்.

வேட்பாளர்களின் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் விவாத அரங்கத்துக்குப் பக்கத்தில் "ஸ்பின் ரூம்" என்று ஒரு கூடம். விவாதம் முடிந்த கையோடு இரண்டு கட்சிப் பிரமுகர்களும் உள்ளே நுழைவார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு உதவியாளர், கையில் உயரமான கம்பு, அதன் மேல் பிரமுகரின் பெயர் எழுதிய அட்டை. திருவிழாக் கூட்டத்தில் சாமி எங்கே வருகிறது என்று குடையைப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி நிருபர்கள் அட்டையைப் பார்த்து ஓடுவார்கள். எங்கள் ஆள் பிரமாதப்படுத்திவிட்டார் என்ற ஒரே வசனத்தை நாற்பது விதமாகச் சொல்வதுதான் அங்கே வேலை. "ஸ்பின் டாக்டர்" என்ற சொல் பரவியதே 1984 ரீகன், மாண்டேல் விவாதத்தை ஒட்டித்தான். நம் ஊர் டிவிகளில் ராத்திரி எட்டு மணிக்கு உட்காரும் கட்சிப் பேச்சாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலையே. என்ன, அங்கே வேட்பாளர்கள் பேசிய பிறகு பேச்சாளர்கள் வருகிறார்கள், இங்கே பேச்சாளர்கள் மட்டும் வருகிறார்கள்.

மறுநாள்கூட வேண்டாம், அந்தக் கணமே மற்றவர் எதிர்வினை நம் எதிர்வினையாகிவிடும். அதே 1984இல், 73 வயது ரீகன் முதல் விவாதத்தில் தடுமாறி, வயதாகிவிட்டது என்ற பேச்சு கிளம்பியிருந்தது. இரண்டாவது விவாதத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது, என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்றார். அரங்கம் வெடித்துச் சிரித்தது, எதிரே நின்ற மாண்டேலும் சிரித்துவிட்டார். பின்னாளில் ஆய்வாளர்கள் அந்தப் பதிவை மூன்று விதமாகப் போட்டுக் காட்டினார்கள்: முழுதாக, ரீகனின் நையாண்டி வரிகளையே நீக்கி, வரிகளை வைத்துக்கொண்டு அரங்கத்தின் சிரிப்பை மட்டும் நீக்கி. ரீகனின் மதிப்பு விழுந்தது மூன்றாவதில். ஜோக் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, யாரும் சிரிக்காத ஜோக் ஆளையே கவிழ்த்துவிடும்.

பிரிட்டனில் "புழு" என்று ஒன்று காட்டுவார்கள். விவாதம் ஓடும்போதே திரையின் அடியில் கோடு ஒன்று மேலும் கீழும் நெளியும், ஒரு சிறு குழுவினர் கையில் இருக்கும் பொத்தானைத் திருகத் திருக. 2010 தேர்தல் விவாதம் ஒன்று நேரடியாக ஒளிபரப்பானபோது, ஆய்வாளர்கள் 150 பேருக்குப் போலிப் புழுவைச் சேர்த்துக் காட்டினார்கள், ஒரு குழுவுக்கு அப்போதைய பிரதமர் கார்டன் பிரவுன் பக்கம் சாயும் புழு, இன்னொன்றுக்கு லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் பக்கம் சாயும் புழு. யார் ஜெயித்தார் என்ற தீர்ப்பு புழு போன பக்கமே போனது. நாம் எல்லாரும் சொந்தப் புத்தியில்தான் தீர்ப்புச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம், பாவம்.

இப்போது இரண்டாவது கேள்வி. இதற்குக் கறாராகவே பதில் சொல்லலாம்: விவாதத்தில் தோற்பதும் தேர்தலில் தோற்பதும் வேறு வேறு. 2012இல் டென்வரில் ஒபாமா தூங்கி வழிந்தார். கேலப் கணக்கில் மிட் ராம்னி ஜெயித்தார் என்றவர்கள் 72 சதவீதம், ஒபாமா என்றவர்கள் 20. நவம்பரில், மாநிலவாரியாகச் சேர்ந்து அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகள் ஒபாமாவுக்கு 332, ராம்னிக்கு 206. 2016இல் சிஎன்என் எடுத்த கணிப்புகளில் மூன்று விவாதத்திலும் ஹிலாரி கிளிண்டன் ஜெயித்தார், அதிபரானவர் டிரம்ப். அதே 2010இல் முதல் விவாதம் முடிந்ததும் பிரிட்டன் முழுக்க நிக் கிளெக் பைத்தியம் பிடித்தது. அவரது லிபரல் டெமாக்ரட் கட்சி தேர்தலில் 62 இடத்திலிருந்து 57க்கு இறங்கியது. 10 நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 டிவி விவாதங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வும், விவாதத்தால் வாக்காளர் மனம் மாறியதற்கான தடயம் இல்லை என்றுதான் முடித்தது. ஆட்டத்தைப் பார்க்கிறவர் எந்த அணி ஜெயித்தது என்று நேர்மையாக ஒப்புக்கொள்வார், அதற்காக அணி மாறிவிட மாட்டார்.

அப்படியானால் 2024 ஜூன் 27இல் அதிபர் பைடனும் டிரம்பும் மோதிய விவாதம்? நியாயமான கேள்வி. அட்லாண்டாவில் சிஎன்என் ஸ்டூடியோ, 1960 போலவே பார்வையாளர் கிடையாது, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைக்கப்பட்டிருக்கும். தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பைடன் கடனையும் வரியையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, வார்த்தை கிடைக்காமல் நின்று, கீழே பார்த்து, கடைசியில் "ஒருவழியாக மெடிகேரை வீழ்த்திவிட்டோம்" என்றார். மெடிகேர் என்பது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அவர் கட்சி உயிராகக் காத்துவரும் திட்டம். நேரம் முடிந்தது, நெறியாளர் நன்றி சொன்னார். டிரம்ப் பேசும்போது திரையின் மறுபாதியில் பைடன் வாய் சற்றுத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். பார்த்தவர்கள் 5 கோடியே 10 லட்சம் பேர். உடனடிக் கணிப்பில் டிரம்ப் 67, பைடன் 33. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்தே விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவரை விலக வைத்தது வாக்காளர் எதிர்வினை அல்ல. பொதுக் கணிப்புகளில் அவர் சரிந்தது சில புள்ளிகள்தான். பதறியது அவர் கட்சிக்காரர்கள். விவாதம் முடிந்த சில நிமிடத்திலேயே கட்சிக்குள் கலக்கம் என்று செய்தியாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள், மறுநாளே நியூயார்க் டைம்ஸ் தலையங்கக் குழு விலகச் சொன்னது, பிறகு நன்கொடையாளர்கள், எம்பிக்கள் என்று வரிசை கட்டினார்கள். இவர்களில் யாரும் டிரம்புக்கு வாக்களிக்கப் போகிறவர்கள் இல்லை. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் அவர்களை அசைத்தது. ஃபோர்டு விஷயத்தில் செய்தி சொல்லித்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. பைடன் விஷயத்தில் ஜனங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வயதுக் கவலை அன்றைக்குத்தான் கட்சிக்காரர்களுக்குக் கேட்டது.

அந்த ஆண்டின் அடுத்த விவாதம் செப்டம்பர் 10, ஃபிலடெல்பியா. பைடன் இடத்தில் நின்ற கமலா ஹாரிஸுக்கு 63, டிரம்புக்கு 37. ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாயைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் ஆதாரமில்லாமல் சொன்னது பாட்டாகவும் மீமாகவும் உலகம் சுற்றியது. சிரித்தவர்கள் கோடிக்கணக்கில். நவம்பரில் டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்குகள், ஹாரிஸுக்கு 226.

இவ்வளவையும் படித்த பிறகு ஒரு விவாதப் பதிவையாவது முழுதாகப் பார்க்க ஆசை வந்தால், 1976இன் முதல் விவாதத்தைத் தேடுங்கள், செப்டம்பர் 23, ஃபிலடெல்பியா. முடியும் தறுவாயில் ஒலி போய்விடுகிறது. சரியாக 27 நிமிடம். ஃபோர்டும் கார்ட்டரும் ஆளுக்கொரு மேடை மேசையின் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறார்கள். உட்காரவில்லை, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வியர்வையைத் துடைப்பதும் முன்னால் இருக்கும் குறிப்பைப் பார்ப்பதும் மறுபடி நிமிர்வதுமாக நேரம் போகிறது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, முதலில் அசைகிறவர் மாட்டிக்கொள்வார் என்று இரண்டு பேருமே நினைத்ததுபோல் இருக்கும். இரண்டு பேரும் இயந்திர மனிதர்கள் மாதிரி நின்றிருந்தோம், பின்னால் பதிவைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது என்று கார்ட்டர் வருஷங்கள் கழித்து ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.